பழைய காரின் முன்கண்ணாடியும் ஒரு சின்ன மோட்டாரும்

(பழைய கார் வைத்திருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். பழைய காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர், அதுவும் மின்சாரத்தில் ஓடும் வாஷர். "அறுபது வயதான வண்டியில் எதற்குப் பிளாஸ்டிக் டேங்க்கும் மோட்டாரும்? தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிட வேண்டியதுதானே?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் வண்டியை உயிராக நேசிப்பவர்கள். அவர்கள் கவலை நியாயமானது. டேஷ்போர்டில் துளை போட்டு ஸ்டீரியோ வைத்த காலமும், கிரில்லை வெட்டி விளக்கு மாட்டிய காலமும் நம் வண்டிகளின் உடம்பில் தழும்பாக இருக்கின்றன. அதனால் இந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாஷர் வைப்பது வண்டியின் அசல் தன்மையைக் கெடுப்பதில்லை. வண்டியில் மிஞ்சியிருக்கும் மிக அரிய அசல் பொருள் ஒன்றை அது காப்பாற்றுகிறது. அந்தப் பொருள் முன்கண்ணாடி.

கண்ணாடியில் படியும் தூசியை நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். அதில் பெரும்பகுதி மணல் துகள், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கார்க் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை. கடினமானது மென்மையானதைக் கீறும்; அவ்வளவுதான் விதி. காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால், ரப்பர் தன் ஓரத்தில் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் இழுக்கிறது. ரப்பர் அந்த நேரத்தில் உப்புத்தாள் ஆகிவிடுகிறது. ஒரு தடவை இழுத்ததில் எதுவும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் இழுத்தால், வைப்பர் நடக்கும் பாதை முழுவதும் வில் வில்லாக மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும்.

பகலில் அவை கண்ணுக்குப் படுவதில்லை. ராத்திரி எதிரே ஒரு லாரி வரட்டும். அதன் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுக்க வெள்ளை வலையாக விரியும். சாலையோரம் நடப்பவர் அந்த வலைக்குப் பின்னால் மறைந்துபோவார். மாலையில் மேற்கு நோக்கி ஓட்டும்போதும் இதே தொல்லைதான். சூரியன் தாழ இறங்கியதும் கீறலும் தூசியும் சேர்ந்து ஒளிரும். பழைய காரின் முகப்பு விளக்கு இன்றைய வண்டிகளின் விளக்கைப்போல வலுவானதல்ல. நம் பக்கம் வெளிச்சம் குறைவு, எதிர்ப்பக்கம் வெளிச்சம் அதிகம், நடுவில் கீறல் விழுந்த கண்ணாடி. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் விபத்து காத்திருக்கிறது.

கீறல் ஆழமாக விழுந்த கண்ணாடியை மெருகேற்றித் திரும்பப் பெறுவது எளிதல்ல. ஓரிடத்தில் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, அதன் வழியாகப் பார்க்கும் காட்சி நெளியும். மாற்றுக் கண்ணாடி வாங்கலாம் என்றால், வளைந்த முன்கண்ணாடி என்பது அந்தந்த வண்டிக்கென்று அச்சு செய்து வளைக்கப்பட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஒரு நல்ல முன்கண்ணாடிக்காக எங்கெல்லாம் அலைந்தார்கள் என்று சொல்வார்கள். பெயின்ட்டைத் திரும்ப அடிக்கலாம், சீட்டைத் திரும்பத் தைக்கலாம், இன்ஜினைப் பிரித்துக் கட்டலாம். ஓரத்தில் தயாரிப்பாளர் முத்திரை பொறித்த அந்தக் காலத்துக் கண்ணாடியை மட்டும் திரும்பச் செய்ய முடியாது. அதைக் காப்பாற்ற ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு மோட்டாரும் போதும் என்றால், அதைச் செய்யாமல் இருப்பதுதான் வண்டிக்குச் செய்யும் தீங்கு.

நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். மழையைவிடத் தூசிதான் நமக்கு அதிகம். அரியலூர்ப் பக்கம் போனால் சிமென்ட் லாரிகளின் தூசி. அதில் பனித்துளி பட்டால் கண்ணாடியில் குழம்பாக ஒட்டிக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக் காற்று. வயல்களை ஒட்டிய சாலையில் அந்தி நேரத்தில் பூச்சிகள் மோதி நசுங்கி, இன்ஜின் சூட்டிலும் காற்றிலும் காய்ந்து கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது கோடைக்குப் பின் வரும் முதல் தூறல். மாதக்கணக்கில் தாரில் ஊறிய எண்ணெயையும் புகைக்கரியையும் முன்னால் போகும் லாரியின் சக்கரம் வாரி நம் கண்ணாடியில் அடிக்கும். கண்ணாடியைக் கழுவ அந்தத் தூறல் போதாது, அழுக்காக்கத்தான் போதும். வைப்பரைப் போட்டால் பழுப்பு நிறத் திரை விரிகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி பார்வை மறைந்தால் முப்பது மீட்டருக்கு மேல் குருடாக ஓட்டியிருக்கிறோம்.

அப்படியிருந்தும் வாஷர் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? வைப்பரின் கதை பழையது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, நியூயார்க்கில் பனி கொட்டும் நாளில் டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். பஃபலோ நகரில் ஜான் ஓய்ஷெய் என்பவர் 1917-இல் மழையில் வண்டி ஓட்டும்போது சைக்கிளில் வந்த ஒருவர் மீது மோதிவிட்டார்; கண்ணாடி வழியே ஆள் தெரியவில்லை. அந்த அதிர்ச்சியில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு டிரிக்கோ என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. துடைப்பதற்கு இத்தனை பேர் யோசித்த பிறகும், துடைக்கும் முன் நனைக்க வேண்டும் என்ற எண்ணம் பரவ 1930-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வசதியாகவே இருந்தது. அமெரிக்காவில் எல்லாப் பயணிகள் கார்களிலும் வாஷர் கட்டாயம் என்ற விதி 1968 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1960-களில் ஓடிய அம்பாசடர்களில் நான் பார்த்தவற்றில் வாஷர் இல்லாதவையே அதிகம். டிரைவர் இறங்கி, ஒரு குவளைத் தண்ணீரும் துணியுமாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவார். டாக்ஸி ஸ்டாண்டில் காலை வேளையில் எல்லோரும் பார்த்த காட்சி அது.

மின்சாரம் வருவதற்கு முன்பு வாஷரை இயக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் அழகானவை. டேஷ்போர்டில் ஒரு குமிழ். அதை அழுத்தினால் பின்னால் உள்ள சிறு பம்பு தண்ணீரைத் தள்ளும். பிரிட்டிஷ் கார்களில் இது அதிகம். சில மெர்சிடிஸ் கார்களில் கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். அமெரிக்கர்கள் இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தையே பயன்படுத்தினார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் கையாண்ட வழி. முன்பக்க டிக்கியில் ஸ்டெப்னி டயர் இருக்கிறதல்லவா, அதன் காற்றையே எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெப்னியின் வால்வில் ஒரு குழாயை முடுக்கி, அதைத் தண்ணீர்க் கலத்தோடு இணைத்தார்கள். காற்றழுத்தம் தண்ணீரை எப்போதும் தள்ளிக்கொண்டே நிற்கும். பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து கண்ணாடியில் பாயும். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, பியூஸ் இல்லை. ஸ்டெப்னிக் காற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், டயர் பயன்படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வும் அதில் உண்டு. இவ்வளவு சிக்கனமாக யோசித்த பொறியாளர்களை நான் வணங்குகிறேன். பீட்டில் வைத்திருக்கும் நண்பர்களிடம் என் வேண்டுகோள்: அந்த அமைப்பு உங்கள் வண்டியில் முழுதாக இருந்து வேலை செய்தால், மின்சார வாஷர் பக்கம் வராதீர்கள். ஸ்டெப்னியில் காற்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். அந்த அமைப்பு காணாமல் போன வண்டிக்குத்தான் நான் சொல்லப்போவது பொருந்தும்.

இனி வேலைக்கு வருவோம். தேவைப்படும் பொருள்கள் மிகக் கொஞ்சம். தண்ணீர் டேங்க், அதில் செருகிய மோட்டார், ரப்பர் டியூப், ஒருவழி வால்வு, தண்ணீர் பீய்ச்சும் ஜெட் இரண்டு, அழுத்தும் சுவிட்ச், பியூஸ், கொஞ்சம் ஒயர். மாருதி 800-க்கு வரும் வாஷர் டேங்க்கும் மோட்டாரும் இதற்கு அருமையாகப் பொருந்தும். 1983 முதல் ஓடிய வண்டி என்பதால் அதன் உதிரிகள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. சென்னையில் ஜி.பி. ரோடிலோ புதுப்பேட்டையிலோ இறங்கினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வாங்கிவிடலாம். ஆனால் மோட்டாரை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய மோட்டாரின் சீல் காய்ந்திருக்கும், ஒழுகும்.

அந்த மோட்டாரின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உள்ளே காந்தம் பதித்த ஒரு சிறு டி.சி. மோட்டார், அதன் நுனியில் இறக்கை வைத்த சக்கரம். சக்கரம் சுழன்று தண்ணீரை ஓரத்துக்கு வீசித் தள்ளுகிறது. நம் வீட்டுக் கிணற்றில் உள்ள மோனோபிளாக் பம்பின் தம்பிதான் இது, அதே குணம்தான். தானாகத் தண்ணீரை மேலே உறிஞ்சாது. உள்ளே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால்தான் தள்ளும். ஆகவே மோட்டார் எப்போதும் டேங்க்கின் அடிமட்டத்தில், அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். டேங்க்கின் மேல் மூடி வழியாக டியூபை விட்டு, பம்பை உயரத்தில் தகட்டில் திருகி வைத்துவிட்டு, "மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை" என்று வருபவர்கள் பலர். மோட்டாரில் குறையில்லை, வைத்த இடத்தில்தான் குறை. இன்னொன்று: தண்ணீர் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. உள்ளே ஓடும் தண்ணீர்தான் அதன் சீலைக் குளிர்வித்து வழுக்கலாக வைக்கிறது.

டேங்க்கை எங்கே வைப்பது? அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். அதன் பானெட்டைத் திறந்தால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அதில் உள்ள 1489 சி.சி. இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. பி-வரிசை. அதில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் மறுபக்கத்தில். மேனிஃபோல்டு பக்கம் பிளாஸ்டிக்குக்கு எமன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அதற்கு மேலே வேண்டாம். ஒழுகினால் தண்ணீர் கரன்ட்டில் விழக் கூடாது. முன்பக்கம், ரேடியேட்டர் ஓரமாக, காற்று படும் இடத்தில் வைப்பது நல்லது. டேங்க்கைத் தாங்க ஒரு தகட்டுப் பட்டையை வளைத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் போல்ட்டு ஒன்றைக் கழற்றி அதனடியில் மாட்டுங்கள். புதுத் துளை வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தை இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்கின் மூடியில் காற்று போக ஒரு சிறு ஓட்டை இருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். பீட்டிலின் பழைய கலத்தையே வைத்துக்கொண்டு மோட்டார் மட்டும் இணைப்பவர்கள் இங்கேதான் திணறுவார்கள். காற்றழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்தக் கலம் இறுக்கமாக அடைக்கப்பட்டது; ஸ்டெப்னிக் குழாயை எடுத்த பிறகு அந்த வாயைத் திறந்தே விட வேண்டும். அசல் பொத்தானின் வால்வையும் தாண்டி டியூபைக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மூடிய கதவை மோட்டார் முட்டிக்கொண்டிருக்கும். கழற்றிய குழாயைத் தூக்கிப் போடாதீர்கள்.

டியூப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மீன்தொட்டிக்குப் போடும் பளபளப்பான டியூப் மலிவாகக் கிடைக்கிறது என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். இன்ஜின் சூட்டில் அது முதலில் குழைந்து மடிந்து அடைக்கும், பிறகு விறைத்து விரிசல் விடும். வாஷருக்கென்றே வரும் கறுப்பு ரப்பர் டியூபைக் கேட்டு வாங்குங்கள். ஜெட்டுக்குச் சற்று முன்னால் ஒருவழி வால்வு வைத்தால் டியூபில் தண்ணீர் நிறைந்தே நிற்கும், பொத்தானைத் தொட்டதும் பாயும். வால்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டியூப் நிறையும் வரை காத்திருக்க நேரும். அந்த ஒரு விநாடிக்குள் வைப்பர் காய்ந்த தூசியை இரண்டு முறை இழுத்துவிடும்.

இனி மின்சாரம். "பழைய டைனமோ தாங்குமா?" என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் காலத்து லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ 22 ஆம்பியர் வரை தரும். வாஷர் மோட்டார் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், அதுவும் இரண்டு மூன்று விநாடிதான். இரண்டு முகப்பு விளக்குகள் இரவு முழுவதும் இழுப்பதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. டைனமோவைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த முனை எங்கே போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் நல்ல எலக்ட்ரீஷியன்களும் இடறும் இடம் இது. பிரிட்டிஷ் வழிவந்த பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பாசிட்டிவ் எர்த் என்பது அதுதான். இத்தாலிய வழிவந்த பியட் 1100-இல் மைனஸ்தான் எர்த். சில வண்டிகளில் பின்னாளில் ஆல்டர்னேட்டர் போடும்போது எர்த்தை மாற்றியிருப்பார்கள். ஆகவே புத்தகத்தை நம்பாமல், பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எந்த முனையிலிருந்து பட்டை ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

பழைய வைப்பர் மோட்டாருக்குள் காந்தத்துக்குப் பதிலாகச் சுருள் கம்பி இருக்கும். அப்படிப்பட்ட மோட்டாருக்குப் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் அதே திசையில்தான் சுழலும், ஏனென்றால் இரண்டு சுருளிலும் ஒரே நேரத்தில் திசை மாறுகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லா மோட்டாரும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். வாஷர் மோட்டாரில் நிலையான காந்தம் இருப்பதால், முனை மாறினால் சுழலும் திசையும் மாறும். தலைகீழாகச் சுழன்றாலும் இறக்கைச் சக்கரம் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும், முழுவதும் நின்றுவிடாது. அதனால்தான் தவறு தெரிவதில்லை. தண்ணீர் கண்ணாடியின் அடியில் நுரைத்து வழியும். "மோட்டார் வலு இல்லை" என்று வேறு மோட்டார் வாங்கி வருவார்கள், அதுவும் அப்படியே வழியும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மோட்டாரின் பிளஸ் முனையைப் பாடிக்கு எர்த் செய்யுங்கள்; சுவிட்ச் வழியாக வரும் ஒயரை மைனஸ் முனைக்குக் கொடுங்கள். மோட்டாரின் உடம்பு பிளாஸ்டிக், அது பாடியோடு சேராது. எனவே இப்படிச் செய்வதில் ஆபத்து எதுவும் இல்லை. முனைகளில் குறி இல்லையென்றால், வாளியில் தண்ணீர் வைத்து இரு விதமாகவும் இணைத்துப் பாருங்கள். எது வேகமாகப் பீய்ச்சுகிறதோ அதுவே சரி.

பேட்டரி 6 வோல்ட்டாக உள்ள வண்டிகளில் 12 வோல்ட் மோட்டார் சோர்ந்துதான் சுழலும். 6 வோல்ட் மோட்டார் தேடிப் பிடியுங்கள், அல்லது கையால் அழுத்தும் பம்பே போதும் என்று இருங்கள்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? லூகாஸ் ஒயரிங் உள்ள வண்டிகளில் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்பு நேராகப் பேட்டரியிலிருந்து வருவது, அதில் கைவைக்கவே கூடாது. வெள்ளை சாவி வழியாக வருவது, பியூஸ் இல்லாதது. பச்சை, சாவியும் பியூஸும் கடந்து வருவது. நமக்கு வேண்டியது அதுதான். பியூஸ் பெட்டியில் ஏ4 என்று குறித்த முனையில் அது கிடைக்கும். பழைய ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அந்த முனையிலேயே பக்கவாட்டில் இன்னொரு இணைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் நம் ஒயருக்கு 5 அல்லது 7.5 ஆம்பியரில் தனி பியூஸ் வையுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். சுவிட்சிலிருந்து வாஷர் மோட்டாருக்குப் போகும் ஒயருக்கு அந்த நிற ஒழுங்கிலேயே ஓர் இடம் உண்டு: இளம்பச்சையில் கறுப்புக் கோடு. அந்த நிறத்திலேயே ஒயர் வாங்கிப் போடுங்கள். நாற்பது வருடம் கழித்து இன்னொரு மெக்கானிக் திறந்து பார்க்கும்போது யாரையும் கேட்காமல் புரிந்துகொள்வார்.

இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டைக் கடந்து ஒயரும் டியூபும் உள்ளே வர வேண்டுமே, துளை வேண்டாமா என்பீர்கள். வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கேபிளோ பழைய ஒயர்க் கட்டோ வரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அதிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் புதிது போடுங்கள். கூர்மையான தகட்டு விளிம்பில் ஒயர் உரசுவதைப்போல அபாயமானது பழைய காரில் வேறில்லை.

சுவிட்ச் கண்டிப்பாக விட்டால் திரும்பிவிடும் வகையாக இருக்க வேண்டும். அதை டேஷ்போர்டின் முகத்தில் வைக்காதீர்கள். டேஷ்போர்டின் அடி உதட்டில், ஏற்கெனவே உள்ள ஒரு திருகில் சிறு தகட்டை மாட்டி அதில் வைத்தால் உட்காருபவர் கண்ணுக்கே தெரியாது, கை மட்டும் அறியும். உங்கள் வண்டியில் பழைய கைப்பம்பின் குமிழ் இருந்தால் இன்னும் சிறப்பு. குமிழை அப்படியே விட்டு, அது அழுந்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு மைக்ரோ சுவிட்ச் வையுங்கள். குமிழ் அசல், அழுத்தும் கையின் பழக்கமும் அசல், உள்ளே மட்டும் மோட்டார்.

ஜெட் வைப்பதில்தான் பலர் துரப்பணத்தை எடுக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் துளை போட்டால், நாளை ஜெட்டை எடுத்தாலும் துளை இருக்கும். மழை நீர் அதன் வழியாக இறங்கித் துரு பிடிக்கும். அதை அடைக்க டிங்கரிங், பிறகு பெயின்ட், அந்தப் பெயின்ட் பழைய நிறத்தோடு ஒருநாளும் சேராது. வைப்பர்க் கையிலேயே கவ்விக்கொள்ளும் ஜெட்டுகள் கிடைக்கின்றன. மெல்லிய டியூப் அந்தக் கையோடு போகும். வைப்பர் எங்கே போகிறதோ அங்கேயே தண்ணீர் விழுவதால் வீணாவதும் குறைவு. அது கண்ணுக்கு உறுத்துகிறது என்றால், பானெட்டுக்குப் பின்னால் காற்று புகும் கிராதி உள்ள வண்டிகளில் அதன் இடுக்கில் சிறு பட்டை வைத்து ஜெட்டை உள்ளிருந்து எட்டிப் பார்க்க வைக்கலாம். பானெட் கீல் போல்ட்டிலும் பிடிக்கலாம்.

ஜெட்டின் வாயை ஊசியால் திருப்பிக் குறி வைக்க வேண்டும். நின்ற வண்டியில், வைப்பர் துடைக்கும் பகுதியின் மேல் மூன்றிலொரு பங்கில் தண்ணீர் விழட்டும். ஓடும்போது காற்று அதைக் கீழே அழுத்தும், அப்போது நடுவில் விழும். நின்ற வண்டியில் நடுவில் விழும்படி வைத்தால் ஓடும்போது வைப்பருக்கு அடியில்தான் விழும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். ஜெட்டின் துவாரம் குண்டூசி நுனி அளவு. சில மாதங்களில் வெள்ளைப் படிவம் அடைத்துவிடும். கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாகக் காயும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். அதன் நுரை டியூபில் தங்கும், பானெட்டில் வழிந்து மெழுகை அரிக்கும். கார் ஷாம்பு சில துளி போதும், அல்லது வாஷருக்கென்று விற்கும் திரவம். ஊட்டியில் வண்டி வைத்திருப்பவர்கள் உறைபனி விழும் மாதங்களில் உறையாத திரவம் ஊற்றுவது நல்லது. தண்ணீர் உறைந்தால் விரிந்து மோட்டாரின் உறையைப் பிளந்துவிடும். சமவெளியில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, பாசிதான் கவலை. நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

ஓட்டும்போது ஒழுங்கு ஒன்றே ஒன்று. முதலில் தண்ணீர், ஒரு மூச்சு விட்டு அதன்பின் வைப்பர். பூச்சிக் கறை ஊற அந்த இடைவெளி தேவை. இன்றைய கார்களில் இரண்டும் ஒரே கைப்பிடியில் இணைந்து தானாக நடக்கின்றன; நம் வண்டியில் இரண்டும் கைவேலை. அது குறை அல்ல. எந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. வைப்பர் ரப்பரை ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வெயிலில் விறைத்த ரப்பருக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எந்த முனையிலிருந்து ஒயர் எடுத்தீர்கள், எந்த போல்ட்டில் டேங்க் மாட்டியிருக்கிறது, எர்த் எந்தப் பக்கம், கழற்றிய அசல் பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் படத்தோடு எழுதி, வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். கழற்றிய பம்பு, குழாய், திருகு எல்லாம் ஒரு துணிப்பையில், வண்டி எண் எழுதி. வண்டி உங்கள் மகளிடமோ வேறொருவரிடமோ போகும்போது பையும் தாளும் கூடவே போக வேண்டும். அவர் விரும்பினால் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் கழற்றி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆக்கிவிடலாம். ஒரு துளையும் மிஞ்சாது, கண்ணாடியில் ஒரு கீறலும் இருக்காது.

உங்களில் பலர் வண்டியோடு வந்திருப்பதை வாசலில் பார்த்தேன். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம். பானெட்டைத் திறந்து, முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.